ஈயின் தலையில் முளைத்த கால்

கனிந்து கறுத்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்கும் பழ ஈக்களை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால் சிவந்த கண்கள் இரண்டு தெரியும், அவற்றுக்கு நடுவே குட்டையான இரண்டு உணர்கொம்புகள். பழம் இருக்கும் இடத்தை அது மோப்பம் பிடிப்பது முக்கியமாக இவற்றால்தான். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கப்படும் ஒரு வகை ஈக்கு மட்டும் அந்த இடத்தில் உணர்கொம்பு இருக்காது, கால் இருக்கும். நெற்றியிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு ஜோடிக் கால்கள்.

தொடை, அதன் கீழே முழந்தாள், பாதத்தின் சிறு கணுக்கள், நுனியில் நகம் என்று எல்லாம் வரிசைக்கிரமமாக அமைந்த கால் அது. பிறவிக் குறை என்றால் ஏதாவது ஒன்று இல்லாமல் போயிருக்கும், அல்லது சிதைந்திருக்கும். இங்கே எதுவும் சிதையவில்லை. ஒழுங்காகச் செய்யப்பட்ட உறுப்பு தப்பான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காரணம் ஒரே ஒரு மரபணு. அதன் பெயர் ஆன்டெனாபீடியா. மார்புப் பகுதியில் மட்டும் வேலை பார்க்க வேண்டிய அது தலையிலும் வேலை பார்க்கத் தொடங்கிவிட்டது.

ஒரு காலைக் கட்டி எழுப்ப ஏராளமான மரபணுக்கள் வேண்டும். தசைக்கு, நரம்புக்கு, மேல் ஓட்டுக்கு, மூட்டுக்கு என்று தனித்தனிப் புரதங்கள் உருவாக வேண்டும். ஆன்டெனாபீடியாவிலிருந்து உருவாகும் புரதம் இவற்றில் எதுவாகவும் ஆவதில்லை. மற்ற மரபணுக்களில் எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா கிடக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அதன் தொழில். தலையில் உள்ள செல்லிலும் கால் செய்வதற்கான மரபணுக்கள் முழுசாக இருக்கின்றன. உத்தரவுதான் வருவதில்லை.

அந்த உத்தரவு எப்படிப் போகிறது என்பதற்குக் கொஞ்சம் அடிப்படை. மரபணு என்பது டி.என்.ஏ. இழையில் எழுதப்பட்ட ஒரு பகுதி. அதிலிருந்து புரதம் உருவாக, முதலில் அந்தப் பகுதி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட வேண்டும். படியெடுக்கும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற பெரிய நொதி. இந்த நொதிக்குத் தானாக இடம் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் குறைவு. எந்த மரபணுவில் இறங்க வேண்டும், எப்போது, எவ்வளவு என்பதை வேறு புரதங்கள் சொல்கின்றன. அவற்றுக்குப் படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். மனிதரிடம் இப்படிப்பட்டவை ஏறத்தாழ 1,600 வகை இருப்பதாக இன்றைய கணக்கு. நம்முடைய புரத மரபணுக்கள் சுமார் 20,000தான் என்பதை நினைத்தால், நூற்றுக்கு எட்டு மரபணுக்கள் மற்ற மரபணுக்களை மேய்ப்பதற்கே இருக்கின்றன.

ஆன்டெனாபீடியா அப்படி ஒரு காரணி. அந்தப் புரதம் 378 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 60 மட்டும் சேர்ந்த ஒரு துண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தப்பான இடத்தில் உறுப்பு முளைக்கும் விந்தைகளை வில்லியம் பேட்சன் என்ற ஆங்கிலேயர் 1894லேயே ஒரு பெரும் நூலாகத் தொகுத்து வைத்தார். அவை மரபணுவின் வேலை என்பது 1915ல் கால்வின் பிரிட்ஜஸ் பழ ஈயில் ஒரு விநோதத்தைக் கண்டபோதுதான் தெளிவாகத் தொடங்கியது. சாதாரண ஈக்குச் சிறகு ஒரு ஜோடி. அதற்குப் பின்னால் பறக்கும்போது சமநிலை காக்கும் இரண்டு சிறு குமிழ்கள் உண்டு. பிரிட்ஜஸ் கண்ட ஈயில் அந்தக் குமிழ்கள் சிறகின் சாயலைக் காட்டின. கலிபோர்னியாவில் கால்டெக் நிறுவனத்தில் இருந்த எட்வர்ட் லூயிஸ் 1940களில் இந்த மரபணுத் தொகுதியைக் கையில் எடுத்தார், வாழ்நாள் முழுக்க விடவில்லை. சில திரிபுகளை ஒரே ஈயில் சேர்த்து, குமிழ்களை முழுச் சிறகுகளாகவே மாற்றி, நான்கு சிறகு ஈயை உருவாக்கிக் காட்டினார். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வந்த ஆண்டு 1978. ஒரே பொருளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்த மனிதர். இன்றைய ஆய்வு நிதி முறையில் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். 1995ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

லூயிஸ் ஓர் ஊகம் சொல்லியிருந்தார். உடலின் ஒவ்வொரு கண்டத்துக்கும் அடையாளம் தரும் இந்த மரபணுக்கள் எல்லாம் ஒரே மூதாதை மரபணு திரும்பத் திரும்ப நகலானதால் வந்தவையாக இருக்கலாம் என்பது அது. அப்படியானால் அவற்றின் எழுத்துகளில் எங்காவது ஒரு சாயல் மிச்சமிருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங்கின் ஆய்வகம் ஆன்டெனாபீடியாவைப் பிரித்தெடுத்தபோது அந்தச் சாயல் தற்செயலாகவே கண்ணில் பட்டது. அந்த மரபணுவின் ஒரு துண்டைக் கொண்டு தேடினால், அது தன் இடத்தில் மட்டுமல்லாமல் பக்கத்தில் இருந்த இன்னொரு மரபணுவிலும் போய் ஒட்டியது. அங்கிருந்த வில்லியம் மெக்கின்னிஸ், மைக்கேல் லெவின் முதலியோர் இந்தப் பொது எழுத்துகளை 180 எழுத்து நீளத்துக்கு அடையாளம் கண்டார்கள். ஏறக்குறைய அதே சமயம் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மேத்யூ ஸ்காட்டும் ஏமி வைனரும் தனியாக அதையே கண்டார்கள். 1984ல் இரண்டும் வெளிவந்தன. 180 எழுத்துகளுக்கு ஹோமியோபாக்ஸ் என்று பெயர் வந்தது. அவை குறிக்கும் 60 அமினோ அமிலத் துண்டுக்கு ஹோமியோடொமைன்.

டொமைன் என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம். புரதம் முழுதும் ஒரே உருண்டையாகச் சுருள்வதில்லை. அதன் சில பகுதிகள் தாமாகவே தனியாக மடிந்து ஓர் உறுதியான வடிவம் எடுக்கும். மற்ற பகுதியை வெட்டி எறிந்தாலும் அந்தத் துண்டு தன் வடிவத்தையும் வேலையையும் விடாது. அந்தத் துண்டுதான் டொமைன்.

அடுத்து மெக்கின்னிஸ் செய்த சோதனை எளிமையானது, கொஞ்சம் துணிச்சலானதும்கூட. பல விலங்குகளின் டி.என்.ஏ.வை எடுத்து, நொதியால் நறுக்கி, கூழ்த் தகட்டில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரித்தார்கள். அதை ஒரு மெல்லிய தாளுக்கு மாற்றி, ஈயின் ஹோமியோபாக்ஸைக் கதிரியக்கம் ஏற்றி அதன் மேல் ஊற்றினார்கள். ஒத்த எழுத்துகள் இருந்தால் அது போய் ஒட்டிக்கொள்ளும். மீதியைக் கழுவிவிட்டு எக்ஸ்ரே ஃபிலிமை அழுத்தி வைத்தால், ஒட்டிய இடம் கறுப்புக் கோடாக விழும். மற்றப் பூச்சிகளில் கோடு விழுந்தால் வியப்பில்லை. மண்புழுவிலும் விழுந்தது. தவளையில் விழுந்தது. எலியில், மனிதனில் விழுந்தது. அதே ஆண்டில், அதே பாசலில் இருந்த எட்டி டி ராபர்டிஸ் குழுவினர் தவளையின் ஹோமியோபாக்ஸ் மரபணுவையே பிரித்தெடுத்துவிட்டார்கள்.

இந்தக் கறுப்புக் கோடுகள் எவ்வளவு எதிர்பாராதவை என்பதற்கு ஒரு சான்று போதும். இருபதாம் நூற்றாண்டின் பெரிய பரிணாம அறிஞர்களில் ஒருவரான எர்ன்ஸ்ட் மாயர், நெருங்கிய உறவுள்ள உயிர்களைத் தவிர மற்றவற்றில் ஒத்த மரபணுக்களைத் தேடுவது வீண் என்ற கருத்தை 1963ல் எழுதியிருந்தார். அவர் சொன்னதில் அன்றைக்கு நியாயம் இருந்தது. ஈயும் மனிதனும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத் திரிபில் ஒவ்வோர் எழுத்தும் பலமுறை மாறிப் போயிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

ஆன்டெனாபீடியாவின் 60 அமினோ அமிலங்களையும், மனிதனில் அதற்கு இணையான ஹாக்ஸ் புரதங்களின் (கண்டங்களுக்கு அடையாளம் தரும் இந்தக் குடும்பத்துக்கு ஹாக்ஸ் என்று பெயர்) 60 அமினோ அமிலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், நெருங்கிய ஜோடிகளில் ஒன்றிரண்டு இடங்களே மாறுகின்றன. அந்தத் துண்டுக்கு வெளியே இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்களில் ஒற்றுமையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு துண்டு இப்படி உறைந்து நிற்பதன் காரணம் அதன் வடிவத்தில் இருக்கிறது. ஜூரிக் நகரில் குர்ட் வியூத்ரிக் கேரிங்குடன் சேர்ந்து, கரைசலில் மிதக்கும் நிலையிலேயே இந்த டொமைனின் வடிவத்தை என்.எம்.ஆர். முறையில் கண்டறிந்தார். 1990ல் கார்ல் பேபோவின் குழு, எங்ரெய்ல்டு என்ற இன்னோர் ஈப் புரதத்தின் ஹோமியோடொமைனை, அது டி.என்.ஏ.வைப் பிடித்திருக்கும் கோலத்திலேயே படிகமாக்கிப் படமெடுத்தது.

படத்தில் தெரிவது இது. மூன்று சுருள்கள். முதல் இரண்டும் ஏறத்தாழ எதிரெதிராக அடுத்தடுத்துக் கிடக்கின்றன. மூன்றாவது அவற்றுக்குக் குறுக்கே. டி.என்.ஏ. ஒரு முறுக்கிய ஏணி என்பதால் அதன் மேல்பரப்பில் அகலமான பள்ளம் ஒன்றும் குறுகலான பள்ளம் ஒன்றும் சுற்றிச் சுற்றி ஓடும். மூன்றாவது சுருள் அகலப் பள்ளத்துக்குள் அப்படியே படுத்துக்கொள்கிறது. டொமைனின் தொடக்கத்தில் மடியாமல் தொங்கும் ஒரு வால், மறுபக்கமாகச் சுற்றிப் போய்க் குறுகிய பள்ளத்துக்குள் நுழைகிறது. டி.என்.ஏ.வின் எழுத்துகள் ஏணிக்குள்ளே இருக்கின்றன, ஆனால் அவற்றின் ஓரங்கள் பள்ளத்தில் எட்டிப் பார்க்கின்றன. பார்வையற்றவர் பிரெய்ல் புள்ளிகளை விரலால் தடவிப் படிப்பதைப் போல, இந்தப் புரதம் ஏணியைத் திறக்காமலே ஓரங்களைத் தொட்டு எழுத்தைப் படித்துவிடுகிறது.

இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். மூன்றாவது சுருளில் 51ஆவது இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதன் நுனி நீண்டு, டி.என்.ஏ.வின் ஓர் அடினின் எழுத்துடன் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் போட்டுக்கொள்கிறது. ஈ, எலி, மனிதன் எதில் எடுத்தாலும் 51ஆம் இடத்தில் பெரும்பாலும் இதே அஸ்பராஜின்தான். 48ஆம் இடத்தில் டிரிப்டோபேன், 49ஆம் இடத்தில் ஃபினைல்அலனின். இவை இரண்டும் உள்ளே திரும்பி, மூன்று சுருள்களையும் சேர்த்துப் பிடிக்கும் எண்ணெய்ப்பசையுள்ள உள்மையமாகின்றன. இவையும் மாறுவதில்லை. ஒன்றை மாற்றினால் வடிவம் குலையும், மற்றொன்றை மாற்றினால் பிடி போய்விடும்.

இந்த வரிசைக்கு நடுவே 50ஆம் இடம் மட்டும் மாறலாம். ஆன்டெனாபீடியாவில் அங்கே குளுட்டமின். ஈ முட்டையில் தலை எந்தப் பக்கம் என்று நிர்ணயிக்கும் பைகாய்டு என்ற புரதத்தில் லைசின். 1989ல் இந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். ஒரு வகைக் காரணி இன்னொரு வகையின் டி.என்.ஏ. முகவரியைப் படிக்கத் தொடங்கிவிட்டது. அறுபதில் ஒன்று மாறினால் முகவரி மாறும் என்றால், அறுபதையும் இயற்கை ஏன் இவ்வளவு கறாராகக் காத்தது என்பது புரியும்.

மனிதரிடம் அந்தக் கறார் தளரும்போது என்ன ஆகிறது என்பதும் தெரியும். மண்டையோட்டின் எலும்புகளுக்கு இடையே உள்ள இணைப்புகள் குழந்தை வளரும்வரை திறந்திருக்க வேண்டும். 1993ல் பாஸ்டனைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் அவை காலத்துக்கு முன்பே மூடிக்கொள்வதற்குக் காரணம் தேடியபோது, எம்.எஸ்.எக்ஸ்.2 என்ற புரதத்தின் ஹோமியோடொமைனில் 7ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருந்தது தெரிந்தது. அந்த ஒரு மாற்றத்தால் புரதத்தின் பிடி குறையவில்லை, கூடிவிட்டது. பிடி இறுகினாலும் கெடுதிதான்.

இந்தத் துண்டின் வயதும் சாதாரணமல்ல. ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டில், அதன் பாலினத்தைத் தீர்மானிக்கும் புரதங்களில் இதன் உறவு இருக்கிறது. 1991ல் மக்காச்சோளத்தில், இலையில் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் ஒரு மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது அதிலும் ஹோமியோடொமைன். அப்படியென்றால் செடியும் விலங்கும் காளானும் பிரிவதற்கு முன்பிருந்தே இது வேலை செய்துவருகிறது.

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய சிக்கலைத் தொடாமல் வந்துவிட்டேன். பெரும்பாலான ஹோமியோடொமைன்கள் தேடுவது டி.ஏ.ஏ.டி. என்ற நான்கு எழுத்துகளை மையமாகக் கொண்ட ஒரு குறுஞ்சொல்லை. நான்கெழுத்துச் சொல் தற்செயலாகவே 256 எழுத்துக்கு ஒருமுறை வந்துவிடும். மனிதனின் 300 கோடி எழுத்துகளில் அது ஒரு கோடிக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கும். போதாக்குறைக்கு, மனிதனிடம் உள்ள 39 ஹாக்ஸ் புரதங்களில் பல இந்த ஒரே சொல்லைத்தான் விரும்புகின்றன. சோதனைக்குழாயில் வைத்தால் கால் செய்யும் புரதத்துக்கும் தாடை செய்யும் புரதத்துக்கும் வித்தியாசமே தெரியாது. ஈயின் உடலிலோ ஒன்று காலைத் தருகிறது, மற்றொன்று தாடையைத் தருகிறது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பதிலின் ஒரு பகுதி கூட்டாளிகளில் இருக்கிறது. ஹாக்ஸ் புரதங்கள் பல இடங்களில் தனியாகப் போவதில்லை. எக்ஸ்ட்ராடென்டிக்கிள் என்ற இன்னொரு புரதம் (மனிதனில் இதன் உறவுக்குப் பி.பி.எக்ஸ். என்று பெயர்) பக்கத்தில் வந்து அமர்கிறது. அதுவும் ஹோமியோடொமைன் உள்ளதே. ஹாக்ஸ் புரதத்தில் டொமைனுக்குச் சற்று முன்னால் நாலே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு கொக்கி இருக்கிறது. அது கூட்டாளியின் குழிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். இருவரும் சேர்ந்தால் படிக்கும் சொல் நீண்டுவிடும், ஆகவே முகவரி துல்லியமாகும். 2007ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மானின் குழுவினர் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டினார்கள். கூட்டாளி அருகில் இருக்கும்போது ஹாக்ஸ் புரதத்தின் தொங்கும் வால் நிலைபெறுகிறது. அந்த வால் குறுகிய பள்ளத்தில் எழுத்தைக் காட்டிலும் பள்ளத்தின் அகலத்தை உணர்கிறது. ஓரிடத்தில் பள்ளம் சற்றே ஒடுங்கியிருந்தால் ஒரு ஹாக்ஸ் புரதம் பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. தனியாக இருந்தபோது தெரியாத வேறுபாடு ஜோடி சேர்ந்ததும் வெளியே வருகிறது.

சரி, முகவரியில் போய் உட்கார்ந்தாயிற்று. உட்கார்ந்தால் மட்டும் மரபணு படியெடுக்கப்படுமா? ஆகாது. ஹார்வர்டில் ரோஜர் பிரென்ட், மார்க் டாஷ்னி இருவரும் 1985ல் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. பாக்டீரியாவில் லெக்ஸ்-ஏ என்று ஒரு புரதம். அதன் டி.என்.ஏ. பிடிக்கும் பகுதியை எடுத்து, ஈஸ்டின் கால்-4 என்ற காரணியோடு ஒட்டினார்கள். கால்-4 ஈஸ்டில் காலக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களை எழுப்புவது. ஒட்டுப் புரதம் ஈஸ்டுக்குள் போனதும், லெக்ஸ்-ஏவின் முகவரி எழுதப்பட்டிருந்த மரபணு எழுந்து வேலை செய்யத் தொடங்கியது. அந்த முகவரியை ஈஸ்ட் அதற்கு முன் கண்டதே இல்லை. முகவரி படிப்பது ஒரு துண்டு, எழுப்புவது வேறொரு துண்டு, இரண்டையும் கழற்றி மாட்டலாம் என்பது அன்றைக்கு உறுதியானது.

எழுப்பும் துண்டின் குணம் நேர்மாறானது. அதற்கு நிலையான வடிவமே பெரும்பாலும் கிடையாது. அமிலத்தன்மையும் எண்ணெய்ப்பசையும் கலந்த அமினோ அமிலங்கள் கொண்ட நெகிழ்ந்த நூல் அது. மீடியேட்டர் என்ற பெரிய புரதக் கூட்டத்தை அது இழுத்துவருகிறது. மீடியேட்டர் பாலிமரேஸை இழுத்துவருகிறது. மீடியேட்டரைக் கண்டறிந்ததில் முன்னணியில் நின்றவர் ரோஜர் கோர்ன்பெர்க். பாலிமரேஸின் வடிவத்தைக் காட்டியதற்காக 2006ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அவருடைய தம்பி தாமஸ், முன்பு சொன்ன எங்ரெய்ல்டு படிகக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். அப்பா ஆர்தர் 1959லேயே நோபல் வாங்கியவர். டி.என்.ஏ.வை வீட்டுச் சொத்தாகவே வைத்துக்கொண்ட குடும்பம்!

ஹோமியோடொமைன் மட்டும்தான் படிக்கத் தெரிந்த டொமைன் என்று நினைத்துவிட வேண்டாம். கேம்பிரிட்ஜில் ஏரன் குளுக் 1985ல் தவளை முட்டையிலிருந்து எடுத்த புரதத்தில் கண்ட துத்தநாக விரல், எண்ணிக்கையில் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மனிதனின் காரணிகளில் சுமார் 700 அந்த வகை. ஆனால் அது இன்னொரு கட்டுரைக்கான விஷயம். நமக்கு இங்கே வேண்டியது பேர்டு டொமைன் என்ற வேறொன்று, அதுவும் கண்ணுக்காக.

கண் சின்னதாகப் பிறக்கும் எலி வகை ஒன்று உண்டு. மனிதரில் கருவிழித் திரை இல்லாமலே பிறக்கும் அனிரிடியா என்ற குறை உண்டு. இரண்டுக்கும் காரணம் பாக்ஸ்-6 என்ற ஒரே மரபணுவில் ஏற்படும் பழுது என்று 1991ல் தெரிந்தது. அந்தப் புரதத்தில் ஹோமியோடொமைனும் இருக்கிறது, பேர்டு டொமைனும் இருக்கிறது. 1994ல் கேரிங்கின் ஆய்வகத்தில் ரெபெக்கா குவிரிங் ஈயின் பாக்ஸ்-6ஐக் கண்டுபிடித்தார். அது ஈயின் மரபணு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், 1915ல் இருந்தே கண்ணில்லா ஈக்குக் காரணம் என்று பெயர்பெற்ற ஐலெஸ் மரபணுவே அது. பேர்டு டொமைனில் ஈக்கும் மனிதனுக்கும் ஒற்றுமை 94 சதவீதம், ஹோமியோடொமைனில் 90.

அடுத்த ஆண்டு கியோர்க் ஹால்டரும் பாட்ரிக் கலார்ட்ஸும் இந்த மரபணுவை ஈயின் இளம்புழுவில், கால், சிறகு, உணர்கொம்பு உருவாக வேண்டிய இடங்களில் எழுப்பிப் பார்த்தார்கள். காலில் கண் வந்தது. சிறகில் வந்தது. உணர்கொம்பின் நுனியில் வந்தது. செந்நிற முகப்புகள் வரிசையாக அமைந்த கூட்டுக் கண்கள்தான் எல்லாம். பிறகு எலியின் பாக்ஸ்-6ஐ ஈக்குள் வைத்தார்கள். அப்போதும் கண் வந்தது. வந்தது எலிக் கண் அல்ல, ஈக் கண். எலியின் புரதம் ஈயின் டி.என்.ஏ.வில் தான் அறிந்த சொற்களைத் தேடிப் படித்தது. அந்தச் சொற்களுக்குப் பக்கத்தில் இருந்தவை ஈயின் மரபணுக்கள், ஆகவே ஈக் கண்.

கட்டுரையின் முதலில் சொன்ன காலுக்கும் இதே கதைதான். 1990ல் எலியின் ஒரு ஹாக்ஸ் மரபணுவை ஈக்குள் எழுப்பியபோது உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஈயின் கால் முளைத்தது.

ஆக, டி.என்.ஏ.வைப் படிக்கும் இந்தத் துண்டு மாற முடியாமல் கட்டுண்டு கிடக்கிறது. பாக்ஸ்-6 கண்ணுக்கு மட்டும் வேலை செய்வதில்லை, மூளைக்கும் கணையத்துக்கும் வேலை செய்கிறது. ஹாக்ஸ் புரதம் ஒவ்வொன்றும் ஏராளமான மரபணுக்களின் வாசலில் போய் நிற்கிறது. படிக்கும் துண்டில் ஓர் எழுத்து திரிந்தால் அத்தனை வாசல்களிலும் ஒரே நேரத்தில் குழப்பம் வரும். அந்தக் கரு பெரும்பாலும் பிழைக்காது, அந்தத் திரிபும் அதோடு போய்விடும். இதனால்தான் ஐம்பது கோடி ஆண்டுகளாக ஒரே எழுத்து. அப்படியானால் இத்தனை விதமான உடல்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எழும். மெக்கின்னிஸே 2002ல் ஒரு பதில் தந்தார். பூச்சிகளின் வயிற்றில் கால் இல்லை, இறால் இனத்தின் உறவுகளுக்கோ உடலின் பின்பகுதியிலும் கால்கள் உண்டு. இரண்டு கூட்டத்திலும் அல்ட்ராபைதோராக்ஸ் என்ற ஹாக்ஸ் புரதம் இருக்கிறது. பூச்சியின் புரதம் கால் மரபணுவை அடக்கும், உப்புநீர் இறாலான ஆர்ட்டீமியாவின் புரதம் அவ்வளவாக அடக்காது. வேறுபாடு ஹோமியோடொமைனில் இல்லை. அதற்கு வெளியே, புரதத்தின் கடைசிப் பகுதியில் இருந்தது. கட்டுப்பாடு இல்லாத பகுதியில் மாற்றம் நடந்திருக்கிறது, படிக்கும் பகுதியை யாரும் தொடவில்லை.

இன்னொரு வழி, புரதத்தையே தொடாமல் அது எங்கே உருவாக வேண்டும் என்ற ஏற்பாட்டை மட்டும் மாற்றுவது. வட அட்லாண்டிக், வட பசிபிக் கடல்களில் ஸ்டிக்கிள்பேக் என்ற விரல் நீள மீன் வாழ்கிறது. அதன் இடுப்பில் இரண்டு கூரிய முட்கள் உண்டு, விழுங்க வரும் பெரிய மீனின் வாயைக் குத்துவதற்கு. பனியுகம் முடிந்து, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் உருவான நன்னீர் ஏரிகளில் சிக்கிக்கொண்ட இதன் வம்சங்கள் பல, அந்த முட்களை இடுப்பெலும்போடு சேர்த்து இழந்துவிட்டன. காரணமான மரபணு பிட்எக்ஸ்-1. அதன் புரதமும் ஹோமியோடொமைன் கொண்டது. அதை எலியில் முழுக்க அழித்தால் பின்னங்கால் மட்டுமல்ல, தாடையும் கெட்டு, குட்டி பிறந்ததும் சாகும். ஏரி மீனோ நன்றாக வாழ்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கிங்ஸ்லியின் குழுவினர் கடல் மீனையும் ஏரி மீனையும் ஒப்பிட்டார்கள். பிட்எக்ஸ்-1 புரதத்தில் ஓர் அமினோ அமிலம்கூட மாறவில்லை. தாடையில் அது வழக்கம்போல் உருவாகிறது. இடுப்பில் மட்டும் உருவாகவில்லை. மரபணுவுக்கு வெளியே, இடுப்பில் எழுந்திரு என்று அதற்குச் சொல்லும் சுமார் 500 எழுத்துத் துண்டு ஒன்று ஏரி மீன்களில் அறுந்து போயிருந்தது. வெவ்வேறு ஏரிகளில் தனித்தனியாக, வெவ்வேறு அளவில் அறுந்திருந்தது. 2010ல் அவர்கள் கடல் மீனின் அந்தத் துண்டோடு பிட்எக்ஸ்-1ஐச் சேர்த்து, இடுப்பு இழந்த ஏரி மீனின் முட்டைக்குள் செலுத்தினார்கள். அந்த மீனுக்கு இடுப்பெலும்பு வளர்ந்தது.